கிழக்கு பார்த்து எடுத்த அளவு

தேசிகன் தெற்கே பார்த்து எதையும் செய்ய மாட்டான். சாப்பிட மாட்டான், எழுத மாட்டான், பஸ்ஸுக்காக நிற்கும்போதுகூடத் தெற்கே பார்த்து நிற்க மாட்டான். “அப்பா இருக்கிறவா தெற்கே பார்த்து நிக்கப்படாது, அது பித்ருக்களோட திக்கு” என்று அவனுடைய அம்மா செங்கமலவல்லி சின்ன வயதில் சொல்லிவைத்தது. இயற்பியலில் எம்.எஸ்ஸி. படித்து முடித்த பிறகும் அவன் கழுத்து அந்தப் பக்கம் திரும்பவில்லை. எந்தக் காரியமானாலும் கிழக்கு. இந்தப் பழக்கத்தால் பொன்னேரி வட்டாரத்தில் நெல் நடும் திசையையே சர்க்கார் மாற்ற வேண்டி வந்தது.

நான் ஜெயராஜ், கவரைப்பேட்டைக்காரன். 1970-இல் பொன்னேரியில் ஒரு வாடகை வீட்டில் நடந்துகொண்டிருந்த ‘பயிர் ஒளி ஆய்வுத் திட்ட’த்தில் டைப்பிஸ்ட். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வரப்போவதாகப் பேச்சு. அது வரும் வரைக்கும் என்று இங்கே உட்கார்ந்தவன். திட்டத்தில் மொத்தம் மூன்று பேர். அதிகாரி துளசிராமன், ஆராய்ச்சி உதவியாளன் தேசிகன், நான். மூவரில் வேலை நிரந்தரமானது துளசிராமனுக்கு மட்டும். அதனாலோ என்னவோ, மூவரில் செய்வதற்கு வேலையே இல்லாதவரும் அவர்தான்.

திட்டம் என்னவென்று தேசிகன் ஒருநாள் எனக்கு விளக்கினான். “ஒரு கண்ணாடிக்குள்ள வெளிச்சம் போனா நேரா போயிடும், கணக்குப் போடறது சுலபம். நெல்லு அப்படி இல்லை. பாதி வெளிச்சத்தை இலை குடிச்சிடும். மீதியிலே கொஞ்சம் இலை மேலே பட்டு நாலா பக்கமும் தெறிக்கும். ஏதோ கொஞ்சம் தப்பிச்சு அடித்தூர் வரைக்கும் வரும். சும்மா எறைச்சு விதைச்ச பயிர்னா எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் ஒரே மாதிரி. வரிசையா நட்டா அப்படி இல்லை ஜெயராஜ். திசைக்குத் திசை மாறும். எந்தத் திசையிலே வரிசை போட்டா அடி வரைக்கும் நிறைய வெளிச்சம் இறங்கறதுன்னு கண்டுபிடிக்கணும்.”

“கண்டுபிடிச்சா?”

“கண்டுபிடிச்சா திட்டம் பெர்மனெண்ட் ஆகும். நானும் ஆவேன்.”

அவனுக்கு அது வெறும் வேலை இல்லை. திருவள்ளூரில் பங்கஜவல்லி என்று ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். பெண்ணின் அப்பா அனந்தபத்மநாபன் கோயிலில் பாராயண கோஷ்டியில் முன்வரிசைக்காரர், பேச்சிலும் அப்படியே. “டெம்பரரிக்குப் பொண்ணு கொடுக்கற வழக்கம் எங்காத்துல இல்லை. ஆவணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பாங்கிலே இருக்கிற பையனுக்குச் சரின்னுடுவேன்” என்று முகத்துக்கு நேராகச் சொல்லியனுப்பிவிட்டார். ஆனால் அந்தப் பெண் காப்பி டம்ளரை வைக்கும்போது ஒரு கேள்வி கேட்டாளாம். “நெல்லுக்குள்ள வெளிச்சம் எவ்வளவு போறதுன்னு தெரிஞ்சு என்ன பண்ணுவேள்?” இத்தனை வருஷத்தில் அவன் வேலையைப் பற்றி ஒருத்தர் உருப்படியாகக் கேட்ட முதல் கேள்வி அது. தேசிகன் அங்கேயே விழுந்துவிட்டான். பதில் சொல்லத் தெரியாமல் உப்புமாவைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவனே சொன்னான்.

பரிசோதனை நடந்தது தணிகாசலத்தின் நிலத்தில். தணிகாசலம் ஐம்பது வயது விவசாயி, நல்ல வாய். அவர் நிலம் வடக்கே ரோட்டில் தொடங்கித் தெற்கே வாய்க்கால் வரைக்கும் நீளமாக, ஒடிசலாகக் கிடக்கும். ரோட்டை ஒட்டிய வடக்கு முனையில் எங்களுக்கு இரண்டு சின்னப் பாத்தி விட்டுக்கொடுத்தார். ஒன்றில் கிழக்கு மேற்காக வரிசை, இன்னொன்றில் தெற்கு வடக்காக.

எங்கள் மீட்டர் ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயரின் நுனியில் காலணா அளவுக்கு ஒரு கண். அந்தக் கண்ணை ஒரு கோலில் கட்டிப் பயிரின் அடியில் நீட்டினால் பெட்டியில் முள் ஏறும். தேசிகன் நீட்டி எண்ணைச் சொல்வான். நான் கரையில் நின்று எழுதிக்கொள்வேன். மற்ற நாட்களில் பேண்ட் போடுகிறவன், வயலில் இறங்கும் நாளில் வேட்டிதான். வாரத்துக்கு வேண்டிய வேட்டிகளை அவன் அம்மா திருவள்ளூரில் வெளுத்து, நீலம் போட்டு, மடித்துக் கொடுத்தனுப்புவாள். அந்த வெளுப்பைப் பார்த்தால் நமக்கே கண் கூசும்.

காலையில்தான் அளவு எடுப்பான். சூரியன் கிழக்கே. தேசிகனும் கிழக்கே பார்த்து நிற்பான். “சூரியனைப் பார்த்து நின்னா என் நிழல் எனக்குப் பின்னாடி விழும், மீட்டர்மேல விழாது” என்று அதற்கு சயன்ஸிலும் ஒரு காரணம் வைத்திருந்தான். சம்பிரதாயமும் சயன்ஸும் ஒன்றாக வந்து கைகொடுத்தால் மனுஷன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான். அவனும் நிறுத்தினான். நானும் எழுதிக்கொண்டே போனேன்.

பங்குனியில் நவரைப் போகம் அறுவடையானபோது முடிவு வந்தது. கிழக்கு மேற்காக நட்ட பாத்தியில் அடி வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். ஒருநாள் தவறாமல், எல்லா நாளும் அதிகம். தேசிகன் அதை எழுதிக் கொண்டுபோய்த் துளசிராமன் மேஜைமேல் வைத்தான். அவர் படிக்கவில்லை. “ஒரே வரியில சொல்லுய்யா” என்றார்.

“கிழக்கு மேற்கா நட்டா நிறைய வெளிச்சம் சார். ஆனா இது ஒரு போகத்து அளவுதான். காலம்பற மட்டும் எடுத்தது. இன்னும் ஒரு வருஷம்...”

“ஒரே வரின்னேன். வந்துடுச்சு” என்றார் துளசிராமன்.

அந்த வாரமே சுற்றறிக்கை போனது. டைப் அடித்தவன் நான். சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரிப் போகத்தில் எல்லாரும் கிழக்கு மேற்காகக் கயிறு கட்டித்தான் நட வேண்டும். நடாதவர்களுக்குச் சலுகை விலையில் யூரியா கிடையாது. மேலிடத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. விதை வாங்க வேண்டாம், அணை கட்ட வேண்டாம், கயிற்றைத் திருப்பினால் போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

பிடிக்காதவர் தணிகாசலம். நேரே ஆபீசுக்கே வந்தார்.

“இன்னா சாமி இது? என் நெலம் தெக்கு வடக்கா நீட்டா கீது. நெடுக ஒரு கயிறு போட்டா நடவுப் பொம்பளைங்க ஒரே பிடியா நட்டுக்கினு போவாங்க. நீ சொல்ற மாதிரி குறுக்கால கட்னா நாலு அடிக்கு ஒரு தபா கயித்தப் பிடுங்கி நடணும். அவங்க என்னைக் கேக்கிற கேள்விய நீ வந்து கேளு. பெரிய பேஜாரு.”

“எனக்குத் தெரியறது தணிகாசலம். ஆனா வெளிச்சம் கூடறதே. பயிருக்கு நல்லதுதானே” என்றான் தேசிகன். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்ததும் தணிகாசலத்தின் குரல் இறங்கிவிட்டது.

“சர்தான் சாமி. நீ சொன்னா செய்றேன்” என்று சொல்லி யூரியா சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வைகாசிக் கடைசி. பயிர் முழங்கால் உயரம். மறுபடி அதே பாத்திகளில் அளவு எடுத்துக்கொண்டிருந்தோம். கிழக்கு மேற்குப் பாத்தியில் கோலை நீட்டிய தேசிகன் கால் வழுக்கி, குப்புற, சேற்றில் விழுந்தான். மீட்டரை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டான். எழுந்தபோது கழுத்திலிருந்து கணுக்கால் வரை களிமண். நான் சிரித்தேன். ரோட்டில் போனவர்களும் சிரித்தார்கள். அவன் கோபப்படாமல் வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்தில் கோலை நீட்டினான்.

“எழுதிக்கோ” என்றவன் எண்ணைச் சொல்லவில்லை.

“இன்னா?”

“எறங்கிடுத்து.”

முள் நன்றாகவே இறங்கியிருந்தது. கண்ணில் சேறு பட்டிருக்கும் என்று துடைத்தான். அதே எண். ஒயரை ஆட்டினான். அதே எண். பக்கத்துப் பாத்திக்குப் போய் எடுத்தான். தெற்கு வடக்குப் பாத்தியில் எப்போதும் என்ன வருமோ, ஏறக்குறைய அதுதான் வந்தது. இப்போது இரண்டு பாத்திக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கிழக்கு மேற்குப் பாத்திக்கே திரும்பி வந்து, என்னைக் கூப்பிட்டுக் கோலைக் கொடுத்துத் தன் இடத்தில் நிற்கச் சொன்னான். என்னுடையது சாம்பல் நிற பேண்ட். முள் ஏறவில்லை.

பிறகு கரையில் கிடந்த என் வெள்ளைத் துண்டை எடுத்தான். எனக்குப் பக்கத்தில் வெயிலில் விரித்துப் பிடித்தான். முள் ஏறியது. துண்டைச் சுருட்டினான். முள் இறங்கியது. விரித்தான், சுருட்டினான், விரித்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

விஷயம் இவ்வளவுதான். கிழக்கு மேற்காக நட்டால் இரண்டு வரிசைக்கு நடுவே இருக்கும் சந்து கிழக்கு மேற்காக ஓடும். அந்தச் சந்தின் மேற்கு வாயில் தேசிகன் நிற்கிறான். காலை வெயில் அவன் வேட்டிமேல் பட்டுத் தெறித்துச் சந்துக்குள் நேராகப் போய் மீட்டரில் விழுகிறது. தெற்கு வடக்குப் பாத்தியில் அவனுக்கும் மீட்டருக்கும் நடுவே இலை வரிசை மறைக்கிறது. வேட்டி வெளிச்சம் போய்ச் சேரவில்லை. ஒரு போகம் முழுக்க அவன் அளந்தது நெல்லை அல்ல. அம்மா போட்ட நீலத்தை அளந்திருக்கிறான்.

“பேசாம இரு. யாருக்குத் தெரியும்? ஆவணிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு” என்றேன்.

“அவ கேட்டாளே ஜெயராஜ். தெரிஞ்சு என்ன பண்ணுவேள்னு கேட்டாளே. தப்பைத் தெரிஞ்சுண்டு பேசாம இருந்தேன்னு அவகிட்ட போய்ச் சொல்றதா?”

எனக்கு அவன்மேல் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. வேலையும் போய், பெண்ணும் பாங்குக்காரனுக்குப் போய், உண்மை மட்டும் இவன் கையில் மிஞ்சும் என்று நினைத்தேன். அன்றைக்கே குளித்துவிட்டுத் துளசிராமன் முன்னால் போய் நின்றான். மேஜைமேல் மீட்டரை வைத்து, ஒரு வெள்ளைத் தாளைக் கிட்டே கொண்டுபோய் முள்ளை ஏற்றி இறக்கிக் காட்டினான்.

துளசிராமன் பொறுமையாகப் பார்த்தார். “சரிய்யா. உன் வேட்டியால வெளிச்சம் கூடுது. கூடுதா இல்லையா?”

“கூடறது சார். ஆனா பயிருக்கு இல்லை. மீட்டருக்கு.”

“மீட்டர்தானே எழுதுது? பயிரா எழுதுது?”

துளசிராமன் அவனைத் தேற்றுகிற குரலில் பேச ஆரம்பித்தார். சுற்றறிக்கை போய்விட்டது. தாலுகா முழுக்க நட்டும் ஆகிவிட்டது. இப்போது கயிற்றைத் திருப்பு என்றால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். “நீ ஒரு குறை சொல்றே. ஆளுக்கு ஆள் அளவு மாறுதுன்னு சொல்றே. நியாயமான குறை. அதைச் சரி பண்ணிடலாம்” என்றவர் என்னைக் கூப்பிட்டார்.

மறுநாள் நான் அடித்த உத்தரவு இது: அளவுகள் எங்கும் ஒரே மாதிரி இருக்கும் பொருட்டு, அளவு எடுப்பவர் வெளுத்த வெள்ளை வேட்டி உடுத்தி, கிழக்கு நோக்கி நின்றே மீட்டரை நீட்ட வேண்டும். கீழே துளசிராமன் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கே பேண்ட் போட்டுக்கொண்டு போகிற நான், அந்த உத்தரவுக்காகப் பொன்னேரிக் கடைத்தெருவில் வேட்டி வாங்கினேன்.

தேசிகன் அதற்கப்புறம் பேச்சைக் குறைத்துக்கொண்டான். விளைச்சல் கெட்டுப்போனால் உண்மை தானாக வெளியே வரும் என்று ஒருநாள் நினைப்பான். விளைச்சல் கெட்டால் தணிகாசலம் என்ன ஆவார் என்று மறுநாள் பயப்படுவான். அவன் வேண்டிக்கொண்டது எதற்கு என்று பெருமாளுக்கே குழப்பமாக இருந்திருக்கும். நெல்லுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. புது விதை, யூரியா, ஏரி நிறையத் தண்ணீர். ஆடிக் கடைசியில் தணிகாசலத்தின் களத்தில் அதுவரை யாரும் பார்க்காத குவியல். துளசிராமன் ஜீப்பில் வந்து, குவியலுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கிழக்கு மேற்கு நடவின் வெற்றி என்று மேலிடத்துக்கு எழுதினார். எங்கள் இலாகாவுக்கே இல்லாத வழக்கமாகப் பதில் உடனே வந்தது. திட்டம் நிரந்தரம். தேசிகன் நிரந்தரம். அனந்தபத்மநாபன் ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் குறித்துவிட்டார்.

பத்திரிகை வைக்கத் தணிகாசலத்திடம் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். “அவர்கிட்டயாவது சொல்லிடறேன். என்னை நம்பித்தான் மனுஷன் அவ்வளவு சிரமப்பட்டார்” என்றான். வழி முழுக்க உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான்.

தணிகாசலம் ரோட்டோரம் எங்கள் பாத்திக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். தேசிகன் வழக்கம்போல் கிழக்கே பார்த்து நின்றபடி எல்லாவற்றையும் சொன்னான். வேட்டி, சந்து, மீட்டர், துளசிராமன், ஒன்று விடாமல் சொன்னான்.

“உங்களைக் கயித்தைத் திருப்பச் சொன்னது என் தப்பு. அந்தப் பொம்மனாட்டிகள் திட்டினதெல்லாம் என்னைச் சேர வேண்டியது. மன்னிச்சுக்கணும்.”

தணிகாசலம் மோவாயைச் சொறிந்தார்.

“சாமி, கொஞ்சம் திரும்பு.”

“எங்கே?”

“தெக்கால.”

தேசிகன் தயங்கினான். என்னைப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தெற்கே திரும்பினான். எனக்குத் தெரிந்து அவன் அந்தப் பக்கம் முழு உடம்பையும் திருப்பி நின்றது அதுவே முதல் தடவை.

அறுத்த வயலில் நெல்லின் அடித்தாள் மட்டும் நின்றது. பயிர் இருந்தபோது ஒரே பச்சையாகத் தெரிந்த நிலம் இப்போது கோடு கோடாகத் தெரிந்தது. ரோட்டை ஒட்டிக் கொஞ்ச தூரத்துக்குக் கிழக்கு மேற்காக அழகான வரிசைகள். அதற்கு அந்தப்புறம், வாய்க்கால் வரைக்கும், வகிடு எடுத்து வாரிய மாதிரி தெற்கு வடக்காக நெடுக ஓடிக்கொண்டிருந்தன.

“முன்னால கீறது உனக்கும் ஜீப்புக்கும்” என்றார் தணிகாசலம். “மிச்சம் எங்கப்பன் காலத்துல இருந்து நட்டுக்கினு வர்ற மாதிரிதான். ஜீப்புக்காரங்க ரோட்ட விட்டு எறங்க மாட்டாங்க. நீ எறங்குவே, அதான் பயந்துக்கினு இருந்தேன். அப்புறம் பாத்தா, நீதான் தெக்கால திரும்பவே மாட்டியே.”

“ஊர்ல மத்தவா?”

“எல்லாந்தான். யாரு சாமி அந்தப் பொம்பளைங்ககிட்ட ஏச்சு வாங்கறது? உன் மனசு நோவக் கூடாதுன்னுதான் சொல்லல.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேசிகனைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவன் கண் கலங்கியிருந்தது. அவன் அளந்த வெளிச்சமும் நிஜம் இல்லை, அதை நம்பி நட்ட வரிசையும் நிஜம் இல்லை, அந்த வரிசையில் விளைந்ததாகச் சொல்லித்தான் அவனுக்கு வேலையும் பெண்ணும். மொத்தத்தில் நெல் ஒன்றுதான் நிஜமாக விளைந்திருந்தது.

“முகூர்த்தத்துக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடணும்” என்றான்.

“சொல்லு சாமி, தாராளமா சொல்லு. கல்யாணத்துக்கு அரிசி நம்பள்து, இந்த நெலத்துது. மூட்டை கட்டி ஊட்லயே வெச்சிக்கீறேன். போம்போது எட்த்துக்கினு போ. எந்தப் பக்கமா நட்டதுன்னு சோத்துல தெரியாது.”

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார். மூட்டை தூக்க நான் பின்னால் போனேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். தேசிகன் அதே இடத்தில் தெற்கே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.